பிள்ளைகளிலிருந்து தொடங்கிய தயாரிப்பு: எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் போன ஓர் இளம் தாயின் குடும்பம் – நிகழ்வு ஆய்வு

நோயாளி 33 வயதுப் பெண். ஊர் திருச்செங்கோடு பக்கம். கணவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வண்டி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பிவிட்டால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். மூத்தவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு மூன்றரை. வீட்டில் மாமியார் உண்டு. பெண்ணின் அம்மா இரண்டு ஊர் தள்ளி இருக்கிறார். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

மஜ்ஜை மாற்றுக்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு எல்லா மையங்களிலும் ஒரு பட்டியல் இருக்கும். இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் பரிசோதனை, பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பல்லை எடுப்பது, காப்பீட்டு அனுமதி, மூலச் செல் கொடுக்கப்போகும் டோனருக்குப் பரிசோதனை. பிள்ளைகளைப் பற்றிய கேள்வி கடைசியில், பெரும்பாலும் நின்றபடியே கேட்கப்படும்: "வீட்ல பாத்துக்க ஆள் இருக்காங்கல்ல?" இருக்காங்க என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். மருத்துவ சமூகப் பணியாளராக நான் உறுதியாக நம்புவது, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் தயாரிப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் அப்படித் தொடங்கினோம். மற்ற முடிவுகள் பலவும் அதை ஒட்டியே அமைந்தன.

நோயும் டோனரும்

முதலில் சோர்வு. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விடாமல் அடித்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் வெள்ளை அணுக்கள் தாறுமாறாக இருப்பது தெரிந்தது. மஜ்ஜைப் பரிசோதனை ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய் என்றது. சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்ற வழக்கமான முதல் சுற்றிலேயே நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் எஃப்எல்டி3 மரபணுவில் மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோவோடு நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். கட்டுக்குள் இருக்கும்போதே மஜ்ஜை மாற்றைச் செய்துவிட வேண்டும் என்றார் மருத்துவர்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர், ஒரு அக்கா, ஒரு தம்பி. டோனர் பொருந்துகிறாரா என்பதைச் செல்களின் மேலுள்ள எச்எல்ஏ என்ற அடையாளக் குறிகளை வைத்துப் பார்ப்பார்கள். அவை அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதியாக வருபவை. அதனால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அக்காவுக்குப் பொருந்தவில்லை. தம்பிக்கு முழுசாகப் பொருந்தியது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும் வேலூர் சிஎம்சியில் 1986-இலும் இந்தச் சிகிச்சை தொடங்கிய காலத்தில், கூடப் பிறந்தவர் பொருந்தவில்லை என்றால் அநேகமாகக் கதவு மூடிவிடும். இன்று அப்படியில்லை. மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைட் கொடுக்கும் முறை வந்த பிறகு, பாதிப் பொருத்தம் உள்ள பெற்றோரோ பிள்ளையோ உடன்பிறந்தவரோகூட டோனராகலாம். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் வெளியாரைத் தேடவும் வழி இருக்கிறது. இந்த விவரத்தைத் தம்பியிடம் முதலிலேயே சொன்னோம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

நேர்ந்துவிடக்கூடியதை மருத்துவர் ஒளிக்கவில்லை. இவரைப் போன்ற நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அதற்குக் கொஞ்சம் மேலும்கூட, நோயில்லாமல் நீண்ட காலம் வாழ்கிறார்கள். சிலர் சிகிச்சையின் பக்க விளைவிலேயே இறக்கிறார்கள். சிலருக்கு நோய் திரும்புகிறது. கணவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நாள் பிள்ளைங்களைப் பாக்க முடியாதுங்க?"

வார்டுக்குள் நான்கைந்து வாரம். பிறகு, மாற்று நடந்ததிலிருந்து நூறாவது நாள் வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வாடகை அறை. மொத்தத்தில் நான்கு மாதம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் யாருக்கும் வார்டில் அனுமதி இல்லை.

மூத்தவள் மனதில் இருந்தது

கீமோ நடந்த மாதங்களில் மூத்தவள் அம்மாவிடம் சரியாக ஒட்டவில்லை. வாசற்படியிலேயே நின்று பேசுவாள், ஒரே தட்டில் சாப்பிட மாட்டாள். "பெரிய மனுசி மாதிரி விலகி நிக்கறா, விவரம் தெரிஞ்ச புள்ள" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. குடும்பக் கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வரச் சொன்னேன்.

உன் அம்மாவுக்கு இது எதனால் வந்தது என்று நினைக்கிறாய் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அம்மை போட்டப்ப அம்மாதான் பக்கத்துல படுத்திருந்தாங்க" என்றாள்.

நோய் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பு அவளுக்குச் சின்னம்மை வந்திருக்கிறது. வீட்டில் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முறையாகச் செய்தார்கள். அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்தபோது, மாரியாத்தாளுக்குச் சொன்ன வேண்டுதல் பாக்கி என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள். குழந்தை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தன்னிடமிருந்துதான் அம்மாவுக்குப் போனது என்ற நினைப்பை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள்.

பெற்றோரில் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் குழந்தைகளுக்குள் மூன்று கேள்விகள் ஓடும்: என்னாலதான் வந்துச்சா, எனக்கும் வருமா, என்னை யாரு பாத்துக்குவாங்க. கேட்கத் தெரிந்த குழந்தையும் கேட்காது. பெரியவர்கள் அழுவார்கள் என்ற பயம். கேட்கவில்லை என்பதால் கேள்வி இல்லை என்று ஆகாது. மூன்றுக்கும் பதிலை நாமேதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவரே அவளிடம் உட்கார்ந்து பேசினார். சின்னம்மையால் இந்த நோய் வராது, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று சொன்னார். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறும் இடம் கெட்டுப்போயிருக்கிறது, அதை மருந்தால் சுத்தமாக எடுத்துவிட்டு மாமாவின் செல்லைக் கொடுக்கப் போகிறோம் என்று விளக்கினார். ஓ பாசிட்டிவாக இருந்த அம்மாவின் ரத்த வகை சில மாதங்களில் மாமாவுடையதைப் போல பி பாசிட்டிவாக மாறிவிடும் என்றபோது அவள் முகம் மாறியது. "அப்ப அம்மா மாமா மாதிரி ஆயிருவாங்களா?" ரத்தம் மட்டும்தான் என்று தெரிந்துகொண்டாள். அன்று மாலை பேருந்தில் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே போனதாகக் கணவர் பிறகு சொன்னார்.

அம்மா கண்டிப்பாக வந்துவிடுவார் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டேன். மாமியாருக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றார். அவர் மனசு புரிகிறது. ஆனால் அந்த வாக்கு பொய்த்தால் குழந்தை அதன் பிறகு யாரையும் நம்பாது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வாசகம் இது: "அம்மாவுக்குச் சரியாகணும்னுதான் இவ்வளவு பேரும் வேலை செய்யறாங்க. என்ன நடந்தாலும் உன்கிட்ட மொதல்ல சொல்லுவோம். உன்கூட அப்பாவும் அப்பத்தாவும் இருப்பாங்க."

யார் எங்கே

உறவுக்காரர்கள் சொன்ன யோசனை, மூத்தவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுச் சின்னவனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவது. நான் அதை எதிர்த்தேன். அம்மா இல்லாத நான்கு மாதத்தில் வீடு, பள்ளிக்கூடம், தம்பி என்று மற்றதெல்லாம் மாறாமல் இருப்பதுதான் மூத்தவளுக்குப் பிடிமானம். பிள்ளைகள் சொந்த வீட்டில் அப்பத்தாவோடு இருப்பது, நோயாளியோடு அம்மாயி போவது என்று முடிவானது.

சிக்கல் கணவர் பக்கம். வண்டி ஓடினால்தான் காசு, ரிக்கோடு போயே ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அம்மாவும் இல்லாமல் அப்பாவும் வடக்கே போய்விட்டால் அந்த வீட்டில் அறுபது தாண்டிய ஒரு பெரியவரும் இரண்டு குழந்தைகளும்தான். நள்ளிரவில் சின்னவனுக்கு வீசிங் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? கடைசியில் ஊரிலேயே ரிக் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தார். கூலி பாதிதான், ஆனால் பொழுது சாய வீட்டில் இருப்பார்.

அந்தப் பெண் சேர்க்கைக்கு முந்தைய வாரங்களில் ஒரு நோட்டு எழுதினார். தான் மட்டுமே அறிந்தவற்றை மாமியாருக்கும் கணவருக்கும் கைமாற்றும் நோட்டு. அதிலிருந்து சில வரிகள், அவர் அனுமதியோடு:

"சின்னவன் தூங்கும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வான். கையை எடுத்துவிட வேண்டாம், அவனே விடுவான்."

"வீசிங் பம்ப் நீலம். குடுவையில் மாட்டி இரண்டு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் பத்து மூச்சு. அவனே எண்ணுவான், ஏழுக்கு அப்புறம் ஒன்பது சொல்வான்."

"பாப்பாவுக்கு ரெட்டை ஜடை. இறுக்கிப் போட்டால் தலை வலிக்குதுன்னு சொல்ல மாட்டாள், டிபன் திரும்பி வரும்."

"சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அழுவான். விட்டுவிடலாம்."

இறந்துவிட்டால் படிக்கட்டும் என்று கடிதம் எழுதச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும். இவர் விரும்பவில்லை. எனக்கும் இந்த நோட்டுதான் பெரிதாகப் பட்டது. நான்கு மாதம் ஆனாலும் அதற்கு மேல் ஆனாலும் அந்த வீட்டுக்கு உடனே தேவைப்பட்டது இதுதான்.

தம்பியிடம் தனியாக

தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலில் ரத்தம் கொடுக்க ஓடி வந்தவரும் அவர்தான். டோனராக வரப்போகிறவரிடமிருந்து முன்கூட்டியே ரத்தம் ஏற்றினால் பெண்ணின் உடல் அவர் செல்லுக்கு எதிராகப் பழகிவிடலாம் என்பதால் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் மனைவி வீட்டாருக்குத் தயக்கம் இருந்தது. எலும்பில் ஊசி போட்டால் குழந்தை பிறக்காது, பலம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டோனரிடம் பேசும்போது குடும்பத்தில் வேறு யாரும் அருகில் இருக்கக் கூடாது. அக்கா உயிர் உன் கையில்தான் என்று எல்லோரும் சூழ நிற்கும்போது யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவர் மறுத்தாலும் வேறு வழிகள் உண்டு, மறுத்தால் காரணத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினோம். கூடவே இதையும் சொன்னோம்: அக்காவுக்குத் தீவிர மருந்து தொடங்கிய பிறகு பின்வாங்கினால், அவருடைய மஜ்ஜையும் அழிந்து மாற்றும் இல்லாமல் உயிருக்கே ஆபத்து. அதனால் முடிவை இப்போதே எடுக்க வேண்டும்.

செய்முறையை மனைவிக்கும் சேர்த்து விளக்கினார் மருத்துவர். தோலுக்கடியில் தினம் ஒரு ஊசி, ஐந்து நாள். மஜ்ஜையில் இருக்கும் மூலச் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். அந்த நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் வலி இருக்கும், பாராசிட்டமாலில் அடங்கும். ஐந்தாம் நாள் ஒரு கை நரம்பிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், மூலச் செல்களை மட்டும் விட்டுவிட்டு மறு கைக்குத் திரும்பும். நான்கைந்து மணி நேரம். எலும்பில் ஊசியே போடுவதில்லை. கொடுத்த செல்களை உடல் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஊசி போடற அஞ்சு நாளும் நானும் கூட இருக்கலாங்களா?" இருந்தார்.

அக்காவுக்கு மருந்து தொடங்கும் நாளிலிருந்து பைக் ஓட்டக் கூடாது என்றும் தம்பியிடம் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு வாரத்தில் அவருக்கு விபத்து நேர்ந்தால் அது இரண்டு உயிருக்கு ஆபத்து.

தாலி, மாதவிலக்கு, வெள்ளையடிப்பு

மருந்தும் ரத்தமும் ஏற்றக் கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தக் குழாயில் ஹிக்மேன் குழாய் பொருத்துவார்கள். மஞ்சள் கயிறும் நகையும் ஈரத்தைப் பிடித்துக் கிருமி வளர்க்கும் என்பதால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். பூ, விபூதி, குங்குமம் எதுவும் உள்ளே போகாது. சேர்க்கை இரவில் செவிலியர் வந்து தாலியைக் கழற்றச் சொல்லும்போது குடும்பங்கள் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை ஒரு மாதம் முன்பே கூட்டத்தில் பேசினோம். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தவர், "நானே கழட்டி வெக்கறேன், வந்தொடனே நானே கட்டி உடறேன்" என்றார். கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டுச் சாமி படத்தின் முன் வைத்து அப்படியே செய்தார்.

யாரும் வாய் திறந்து கேட்காத இன்னொரு விஷயம் மாதவிலக்கு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கும் வாரங்களில் மாதவிலக்கு வந்தால் ரத்தப்போக்கு நிற்காது. அதை நிறுத்தி வைக்க முன்கூட்டியே மாத்திரை தொடங்குவார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அநேகமாக மாதவிலக்கு நிரந்தரமாக நின்றுவிடும். 33 வயதிலேயே எலும்பு தேய்வது, உடம்பு எரிவது, தாம்பத்தியத்தில் வலி எல்லாம் வரலாம், அவற்றுக்கும் மருந்து உண்டு. ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்ததால் கருமுட்டை சேமிப்பு பற்றிய கேள்வி எழவில்லை. அப்படிச் செய்யாதவர்களிடம் அதை மருந்து தொடங்கும் முன்பே பேசியாக வேண்டும்.

மருமகள் வரும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க மாமியார் திட்டமிட்டிருந்தார். இடிப்புத் தூசியிலும் ஈரச் சுவரிலும் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை எதிர்ப்புச் சக்தி இல்லாதவரின் நுரையீரலில் புகுந்தால் காப்பாற்றுவது கடினம். அடிப்பதானால் இப்போதே அடித்துவிடுங்கள், அவர் திரும்பும் சமயத்தில் வேண்டாம் என்றோம். கிருமி பயத்தால் வீட்டு மாட்டையும் பெண்ணின் அக்கா வீட்டுக்கு மாற்றினார்கள்.

பிள்ளைகளுக்கான தடுப்பூசி

மூத்தவளின் அம்மை இங்கே வேறு விதத்தில் முக்கியமானது. அவளுக்கு வந்து போய்விட்டது, சின்னவனுக்கு வரவில்லை. அம்மா வீடு திரும்பும் நேரத்தில் அவனுக்கு வந்தால் பெரிய ஆபத்து. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. வெளியே காசு கொடுத்துச் சேர்க்கைக்கு முன்பே போட்டார்கள். அம்மாவுக்குச் சிறு வயதில் வந்திருந்தது. அந்தக் கிருமி நரம்பில் உறங்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக எழும்பும். அதைத் தடுக்க நீண்ட காலம் அசைக்ளோவிர் மாத்திரை.

போலியோ சொட்டு மருந்து விஷயம் பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை. வாய்வழிச் சொட்டில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். குடித்த குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் அது வெளியேறும். மாற்று செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில் அது கூடாது. முகாம் நாளில் கிராமச் செவிலியர் வீடு தேடி வருவார், சுண்டு விரலில் மை இல்லையென்றால் கேட்பார். மருத்துவரின் கடிதத்தை அப்பத்தா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். சொட்டுக்குப் பதில் ஊசி.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதியிலிருந்து கிடைக்கும். கார்டு இருந்ததால் மருத்துவமனைச் செலவின் பெரும்பகுதி அதில் அடங்கியது. அடங்காதது அறை வாடகை, புதுக் குக்கர், தனிப் பாத்திரம், பேருந்துக் கட்டணம், பாதியாகிப்போன கூலி. அதற்கு நகை அடகுக்குப் போனது, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார்கள். குடும்பங்கள் தடுமாறுவது அநேகமாக இந்த இரண்டாவது கணக்கில்தான். அதையும் முதல் கூட்டத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

சேர்க்கைக்குப் பிறகு

தீவிர மருந்துகள், பிறகு தம்பியின் செல் ஒரு பையில், சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே. இரண்டாம் வாரம் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியாது, வலிக்கு மார்ஃபின் மருந்து ஓடியது. தினமும் மாலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு என்று பேசி வைத்திருந்தார்கள்; அம்மாவால் பேச முடியாத நாட்களும் வரும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருந்தோம். அந்த நாட்களில் மூத்தவள் தமிழ்ப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். அம்மா கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

பதினாறாம் நாள் வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. நான்காம் வாரம் டிஸ்சார்ஜாகி வாடகை அறைக்கு வந்தார். இடையில் சிஎம்வி வைரஸ் தலைதூக்கி மாத்திரையில் அடங்கியது. டோனர் செல் தோலைத் தாக்கிக் கொஞ்சம் தடிப்பு வந்து, ஸ்டீராய்டு களிம்பில் சரியானது.

வீடு திரும்பியபோது சின்னவன் அம்மாவிடம் வரவில்லை. அப்பத்தா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டான். இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தும் அந்தப் பெண்ணுக்கு அது வாய்ப்புண்ணைவிடப் பெரிய வலியாக இருந்தது. இழுத்துப் பிடிக்க வேண்டாம், ஒரே அறையில் இருங்கள், வீசிங் பம்பை நீங்கள் பிடியுங்கள் என்றோம். மூன்றாவது வாரத்தில் இரவில் அவர் காதைத் தேடிக் கை வந்தது என்றார்.

இப்போது ஆறு மாதம் முடிந்திருக்கிறது. மஜ்ஜையில் நோய் இல்லை. ரத்தச் செல்கள் முழுவதும் தம்பியுடையவை. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலன் அழிந்துவிட்டதால் ஒவ்வொன்றாக மறுபடி போட வேண்டும். உயிருள்ள கிருமி ஊசிகள் இரண்டு வருடம் கழித்துத்தான். தம்பியின் ரத்தக் கவுன்ட் ஒரு மாதத்திலேயே இயல்பாகிவிட்டது. கணவர் அடுத்த மாதம் ரிக் வண்டிக்குத் திரும்பப் போகிறார், கடன் நிற்கிறது. அவர் இல்லாத மாதங்களில் பரிசோதனைக்கு யார் கூட வருவது, இரவில் காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று பேச அடுத்த கூட்டத்துக்கு மாமியாரையும் தம்பி மனைவியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.